புல் வெட்டியவர்களின் பட்டியல்

1

இந்தச் சித்திரையோடு நான் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருசம். சித்திரையில்தான் இங்கே புல் வளர ஆரம்பிக்கும். அதனால் நினைவு இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

எங்கள் நாட்டில், ரத்தினபுரிப் பக்கம் பெல்மதுளையில் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிற நண்பர் எழுதச் சொல்லிக் கேட்டார். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு இருந்தவர். அவர் மேலே படித்தார். நான் படிக்கவில்லை. "அங்க உள்ளத உள்ளபடி எழுது, பிழைய நான் பாத்துக்கிறேன்" என்றார். உள்ளதை எழுதுகிறேன்.

இது இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறம். ஒரு சர்ச், ஒரு மதுக்கடை, தபாலும் பாலும் ரொட்டியும் சேர்ந்து விற்கிற ஒரு கடை. சர்ச்சுக்கு உட்பட்ட நாலைந்து ஊரைச் சேர்த்து ஒரு பங்கு என்கிறார்கள். சர்ச்சைச் சுற்றிக் கல்லறைகள். செவ்வாயும் வெள்ளியும் அங்கே புல் வெட்டுவது என் வேலை. முன்பு காளான் பண்ணையில் இருந்தேன். அது மூடிவிட்டது. ஊரின் பெயரைப் போடவில்லை. மகள் வேண்டாம் என்றாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் மார்கரெட் என்ற அம்மா என்னிடம் ஒரு காகிதம் கொடுத்தார். பெயர், பிறந்த வருசம், பிறந்த இடம். ஒரே ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

மூன்று வாரமாக அது என் மேல்சட்டைப் பையில் கிடந்தது. ஒருமுறை மழையில் நனைந்து காய்ந்தும் விட்டது.

2

மார்கரெட்டுக்கு எண்பது வயதுக்கு மேல். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இந்தப் பங்கின் பழைய கதையை எழுதுகிறார். யார் எந்த வீட்டில் இருந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், யார் எந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கிறார்கள். எல்லாம் அவருக்கு வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று சர்ச்சில் முந்நூறு வருசத்துப் பதிவு இருக்கிறது. அசல் புத்தகங்கள் பெரிய டவுனில் பூட்டி இருக்கின்றன. இவரிடம் படம் எடுத்த தாள்கள் உண்டு.

அவருக்குக் கண் மங்கிவிட்டது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கிறதாம். நேராகப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடும்.

நான் புல் வெட்ட வந்த முதல் வருசம் கல்லில் உள்ள எழுத்தை வாசிக்க என்னைக் கூப்பிட்டார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்றேன்.

"எழுத்து தெரியுமா?"

"எழுத்து தெரியும்."

"அது போதும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்."

சொன்னேன். பாசியை மிருதுவான தூரிகையால் தட்டி, தண்ணீர் விட்டு, ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கத்தில் இருந்து அடிக்க வேண்டும். அப்போது பள்ளத்தில் நிழல் விழும். எழுத்து எழுந்து நிற்கும். நான் ஒன்று ஒன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். அவரோடு வரலாறு எழுதுகிற மற்றவர்கள் படித்தவர்கள். முதல் மூன்று எழுத்தைப் பார்த்ததும் மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். நிறையப் பிழை வரும். எனக்குச் சொல் தெரியாது. அதனால் ஊகிக்க முடியாது. இருப்பதை மட்டும்தான் சொல்வேன்.

"இந்தப் பங்கிலேயே நம்பிக்கையான வாசகர் மரு" என்று மற்றவர்களிடம் சொல்வார். மரு என்பது நான்தான். பாஸ்போர்ட்டில் என் பெயர் மருதை. அவர்களுக்கு அவ்வளவுதான் வாயில் வருகிறது.

பிறகு மழை நாட்களில் சர்ச்சின் பின் அறையில் உட்கார்ந்து பதிவுத் தாள்களையும் வாசிக்கிறோம். குளிருக்கு ஒரு சின்ன மின்சார அடுப்பு காலடியில் இருக்கும். அவர் தேநீர் ஊற்றித் தருவார்.

இதை அக்காவிடம் ஒருமுறை போனில் சொன்னேன். அக்கா புஷ்பம், ஓப்பநாயக்கப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறாள்.

"யாரு, தொரைசாணியா ஒனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்குது?"

"தொரைசாணி இல்லக்கா. டீச்சர்."

"வெள்ளக்காரிதானே?"

"ஆமா."

"அப்ப தொரைசாணிதான். என்னா தூளு?"

"பையில வருது. முக்கி எடுக்கணும்."

"நம்ம தூளா பாரு."

"அதுல எழுதல."

"எழுதமாட்டானுங்க. சாயம் எப்புடி?"

"இருக்கு."

"பால் ஊத்தி மறைச்சிருப்பாளுக" என்றாள். அக்கா நாற்பது வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். அவளுக்கு எந்தத் தேநீரும் பிடிக்காது.

3

மார்கரெட் இந்த வருசம் செய்கிற வேலை ஒரு பட்டியல். இந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர்கள். குழி தோண்டியவர்கள், புல் வெட்டியவர்கள், மணி அடித்தவர்கள். முன்பு எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தானாம். பாதிரிமார் பட்டியல் சர்ச் சுவரில் பொன் எழுத்தில் இருக்கிறது. இவர்களுக்கு இல்லை. அதை எழுதி அதே சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். கடைசிப் பெயர் என்னுடையது. அதற்குத்தான் அந்தக் காகிதம்.

பட்டியலில் இரண்டாவது ஆள் தாமஸ். அப்பன் பெயர் வில்லியம். நாற்பது வருசம் வேலை பார்த்திருக்கிறான். அவனுடைய கல் வடக்குச் சுவர் ஓரத்தில் நிற்கிறது. நான் சுற்றி வெட்டுகிற கல்தான்.

மாசி மாதம் ஒரு மழை நாள். அடக்கப் பதிவில் ஒரு வரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். மார்கரெட் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். தாமஸ், வில்லியமின் மகன், குழந்தை. அடக்கம்.

அவர் பழைய தாளை எடுத்து ஞானஸ்நானத் தேதியைப் பார்த்தார். கணக்குப் போட்டார். இரண்டு வயது.

"அப்படியானால் நம் ஆள் இரண்டு வயதில் செத்துவிட்டான்" என்றார். "செத்த பிறகு நாற்பது வருசம் புல் வெட்டியிருக்கிறான். நல்ல வேலைக்காரன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஞானஸ்நானத் தாளைத் திருப்புங்கள் மரு. கீழே இன்னொரு தாமஸ் இருப்பான்."

திருப்பினேன். ஒரு வருசம் கழித்து ஞானஸ்நானப் பதிவில் இருந்தான். தாமஸ். அதே வில்லியம், அதே தாய்.

"முதல் பிள்ளை போனால் அடுத்ததுக்கு அதே பெயரை வைப்பார்கள். அந்தக் காலத்தில் சகஜம்" என்றார். தன் தாளில் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன்.

"அந்தப் பெயரில் இரண்டாமவன். இப்படித்தான் குறிப்போம். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்."

என் தேநீர் ஆறிவிட்டது. குடித்துவிட்டு வெளியே போனேன். மழையில் செய்ய ஒரு வேலையும் இல்லை. கருவிக் கொட்டகையில் நின்றேன்.

4

என் பெயர் மருதை இல்லை. சந்தனம்.

மருதை என் அண்ணன். இரண்டு வயதில் வயிற்றாலே போய்ச் செத்துவிட்டான். நான் அவனைப் பார்த்ததில்லை. அவன் போய் ஒரு வருசம் கழித்துப் பிறந்தேன்.

மருதைக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அங்கே எழுதி, பதிவுக்காரருக்குப் போய், ஒழுங்காக வந்தது. அவன் செத்ததை அப்பா எழுதவில்லை. அது அரிசிக் கூப்பன் காலம். சாவை எழுதினால் கூப்பனில் ஒரு பெயர் குறையும். இரவோடு இரவாகக் கீழே ஓடைப் பக்கம் புதைத்து, ஆற்றுக் கல் ஒன்றை வைத்தார்கள்.

என்னை அம்மா அவளுடைய தாய் வீட்டில் பெற்றாள். கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பெயர் பதியக் கேட்டதற்கு, "நீ எங்க தோட்டத்து ஆள் இல்ல, அங்க போய்ப் பதி" என்று அந்தத் தோட்டத்தில் சொன்னார்கள். திரும்பி வந்து கேட்டதற்கு, "புள்ள இங்க பொறக்கல, அங்க போய்ப் பதி" என்று எங்கள் தோட்டத்துக் கிளாக்கர் சொன்னார். அப்பா இரண்டு முறை நடந்தார். மூன்றாம் முறை நடந்தால் அந்த நாள் பேர் விழாது, சம்பளம் போய்விடும். விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பத்திரம் கேட்டார்கள். வீட்டில் ஒரு பையன் இருந்தான். பெட்டியில் ஒரு பத்திரம் இருந்தது. அப்பா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பொய் சொல்கிறோம் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். அந்தப் பத்திரத்துக்கு வேறு ஆளும் இல்லை.

எங்கள் லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது இல்லை. இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு நான் சொல்லத் தேவை இல்லை.

பிறகு எல்லாம் அதன் மேலேயே ஏறியது. அடையாள அட்டை, பிரஜா உரிமை, பாஸ்போர்ட், இங்கே வந்த பிறகு இங்கத்தைய பாஸ்போர்ட். மார்கரெட் கேட்ட மூன்றும் அண்ணனுடையவை. பெயர் அவனுடையது. வருசம் அவனுடையது, எனக்கு அதில் மூன்று வயது கூட. பிறந்த இடமும் அவனுடையது.

இங்கே அலுவலகத்தில் விசாரித்த நாளில் ஒரு அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்டார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்ற கேள்வி எனக்கு விளங்கவில்லை. விளங்காத கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிடுவது என் வழக்கம். இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அதனால் அக்காவும் காகிதத்தில் இல்லை.

அவனுடைய சாவு எங்கும் எழுதப்படவில்லை. எழுதாததால்தான் நான் இங்கே நிற்கிறேன். சுவரில் மாட்டுகிற பட்டியலில் வெறுமனே மருதை என்று எழுதினால் அவன் இருந்ததே இல்லை. சந்தனம் என்று எழுதினால் யாராவது வந்து யார் இந்தச் சந்தனம் என்று கேட்பார்கள்.

காகிதம் பையில் கிடந்தது இதனால்தான்.

5

மல்லிகா, என் மனைவி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். ஒரு வரி எழுத மூணு வாரமா? நீங்க என்னா தீர்ப்பா எழுதுறீங்க?"

"என்னான்னு எழுத?"

"எத்தன வருசமா எழுதுறீங்களோ அத."

அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே மாலை. பின்னால் பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைச் சிங்களத்திலேயே அதட்டினாள்.

"அக்கா, மருதையப் பொதச்ச எடம் ஒனக்குத் தெரியுமா?"

அக்கா பிள்ளைகளை வெளியே துரத்தினாள்.

"என்னாத்துக்குடா இப்ப?"

"சும்மா."

"சும்மா கேக்குற ஆளா நீ? ஒடம்புக்கு ஏதுமா?"

"ஒண்ணுமில்ல. எடம் இருக்கா?"

"எங்க இருக்கு. அந்த ஓடக்கரையெல்லாம் இப்ப மாணிக்கக் குழி. நாலு வருசமா தோண்டுறானுங்க. எலும்பு கெடந்துச்சின்னு கோயில்ல பூச போட்டானுங்க. யாரு எலும்புன்னு யாருக்குத் தெரியும். பெறகு மறுபடி தோண்டுனானுங்க."

"கல்லு?"

"ஆத்துக் கல்லுடா. அந்தக் குழியில பூராம் ஆத்துக் கல்லுதான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு அஞ்சு வயசு" என்றாள் அக்கா. "அம்மா கொழுந்துக்குப் போனா நாந்தான் அவனத் தூக்கிக்கிட்டுத் திரிவேன். கனமா இருப்பான். இடுப்புல நிக்கமாட்டான், வழுக்கி வழுக்கி விழுவான். நீ பொறந்தப்ப அவந்தான் திரும்பி வந்துட்டான்னு சொன்னாங்க. நான் தூக்கிப் பாத்தேன். நீ அவன் இல்ல. நீ லேசா இருந்த."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. அறுபது வருசத்துக்கு மேல்.

நான் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"ஏதும் வம்புல மாட்டிக்காத" என்றாள். பிறகு, "ஆனா அவனையும் எங்கயாச்சும் எழுதுனா நல்லதுதான்" என்றாள்.

6

போன ஞாயிறு என் பிறந்த நாள். பாஸ்போர்ட்டில் உள்ளது. கவிதா கேக் கொண்டு வந்தாள். எங்கள் மகள், ஒரே பிள்ளை. இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு டவுனில் வேலை. மாதம் ஒருமுறை வருவாள், முன்பு வாராவாரம் வந்தாள். தமிழ் பேசுவாள். யோசித்துப் பேசுவாள்.

மெழுகுதிரியை ஊதச் சொன்னாள். ஊதினேன். ஊதிவிட்டு விசயத்தைச் சொன்னேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாலு வசனத்தில் முடிந்துவிட்டது.

அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அப்போ இது யாரோட பர்த்டே?"

"மருதையோட."

"நான் சின்னதுல இருந்து கேக் பண்றேன்ப்பா."

"ஆமா."

"எனக்கு ஒரு பெரியப்பா இருந்தாரா?"

"ரெண்டு வயசு."

"ரெண்டு வயசுப் பெரியப்பா." சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. "என் பேரு கவிதா மருதை. ஸ்கூல்ல, ஆபீஸ்ல, எல்லா எடத்துலயும் மிஸ் மருதைன்னுதான் கூப்பிடறாங்க. அப்போ அது நீங்க இல்ல."

"இல்ல."

"பெரியப்பாவா?"

"அப்பிடித்தான் வருது."

மல்லிகா உள்ளே இருந்து, "கத்தியக் கீழ வச்சிட்டுப் பேசுடி" என்றாள்.

"உங்க நெஜ பர்த்டே எப்போ?"

"ஏழாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டுன வருசம். மழை. அம்மா அவ்வளவுதான் சொன்னாங்க."

"கவ்வாத்துன்னா?"

"தேயிலைச் செடிய முட்டளவுக்கு வெட்டி விடுறது. நாலு வருசத்துக்கு ஒருக்கா."

"நாலு வருசத்துக்கு ஒரு தடவை, மழையில. அதுக்கு எப்படிப்பா கேக் பண்றது?"

அவள் உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குப் பயம் வந்தது. யாரிடமும் சொல்லவேண்டாம், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிடுவார்கள், அம்மாவுடையதும் போகும், எழுதுவதாக இருந்தால் ஊர்ப் பெயரைப் போடவேண்டாம் என்றாள். இந்தப் பயத்தை நான் பத்தொன்பது வருசமாக வைத்திருந்தேன். அவள் கையில் அது புதிதாக இருந்தது.

மல்லிகா கேக்கின் முதல் துண்டை ஒரு தட்டில் எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தாள். காலையில் வெளியே மதில் மேல் வைத்தாள். காக்கை வரவில்லை. குண்டாக ஒரு புறா வந்து தின்றது.

7

செவ்வாய்க்கிழமை மார்கரெட்டிடம் பேனா வாங்கி எழுதினேன்.

பெயர்: மருதை. அதற்குப் பக்கத்தில் அவர் தாமஸுக்குப் போட்ட சொற்களைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, அதையே எழுதினேன். அந்தப் பெயரில் இரண்டாமவன்.

வருசம் எழுதவில்லை.

பிறந்த இடம்: சப்ரகமுவ. அது மாகாணம். அண்ணன் பிறந்த ரத்தினபுரி அதற்குள் இருக்கிறது. நான் பிறந்த கேகாலையும் அதற்குள் இருக்கிறது. யார் கேட்டாலும் பொய் இல்லை. இதை முந்தின வெள்ளி புல் வெட்டும்போது யோசித்து வைத்திருந்தேன்.

மார்கரெட் பூதக்கண்ணாடியை வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் வாசித்தார். நேரம் எடுத்தது.

"வருசம்?"

"சரியாத் தெரியாது."

"இந்தப் பட்டியலில் பாதிப் பேருக்குத் தெரியாது." கண்ணாடி கீழே போனது. மேலே வந்தது. இரண்டாமவன் என்ற இடத்தில் கண்ணாடி நின்றது.

"முதல் ஆள்?"

"அண்ணன். ரெண்டு வயது."

"அடக்கம் எங்கே?"

"பதிவு இல்லை. கல் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நேராகப் பார்த்தால் என் முகம் அவருக்குத் தெரியாது. கறுப்புப் பொட்டுத்தான் தெரியும். அதனால் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தார்.

"நான் பதிவில் உள்ளதை மட்டும்தான் எழுதுவேன். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இப்போது இது பதிவு" என்றார். காகிதத்தை மற்றத் தாள்களோடு கோப்பில் வைத்து மூடினார். தேநீர் ஊற்றினார்.

புல் ஈரமாக இருந்தது. காயும் வரை காத்திருந்து வெட்டினேன். வடக்குச் சுவர் ஓரம் கையால் வெட்டினேன், இயந்திரம் பட்டால் கல் சிதறும்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னான்னு?"

"மருதை, ரெண்டாவது ஆளுன்னு."



"ரெண்டாவதுன்னா மொதலாவது ஒண்ணு இருந்துச்சின்னு படிக்கிறவனுக்கு வெளங்குமா?"

"வெளங்கும். அங்க அப்பிடித்தான் எழுதுவாங்க."

"சரி. அப்ப ரெண்டு பேரும் அதுல இருக்கீங்க?"

"இருக்கோம்" என்றேன்.